சஹனில் என் பக்கம்

பிஸ்மி சொல்லிக் கையை வைத்தாயிற்று. இனி சதக்கு கையெடுக்கும் வரை நான் எடுக்க முடியாது. ஒரே சஹனில் சேர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு எங்கள் வாப்பா வைத்துவிட்டுப் போன சட்டம் அது. கூட இருப்பவன் பசியோடு இருக்கும்போது நீ கையை எடுத்தால் அவனும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவான், உன் வயிறு நிறைந்தாலும் நாலு பருக்கையை அளைந்துகொண்டாவது இரு என்பார். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது. வாப்பா அதைச் சொன்ன காலத்தில் எனக்கு முழு இரைப்பை இருந்தது. இப்போது இருப்பது வாழைப்பழ அளவில் ஒரு குழாய். மீதியை வெட்டி எடுத்து ஒரு தட்டில் வைத்து என் மனைவி ஜொஹராவிடம் காட்டினார்களாம், அவள் பார்த்துவிட்டு, இதையா இத்தனை வருஷமா நான் ரொப்பிக்கிட்டு இருந்தேன் என்று கேட்டாளாம். அவள் கேட்கக்கூடியவள்தான். இப்போது என் முன்னால் தாம்பாளம் போல அகலமான சஹன், நடுவில் குவித்த நெய்ச்சோறு, அதன் தலையில் களரிக் கறி, ஓரமாகக் கத்தரிக்காய் மாங்காய். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் தம்பி சதக்கு. தங்கை ஜுலைஹாவின் மகளுக்குக் கல்யாணம், பகல் விருந்து, காயல்பட்டினத்தின் பாதி ஜனம் இந்தப் பந்தலுக்குள் பாயில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு சஹன். முன்பெல்லாம் நூஹுவும் சதக்கும் ஒரு சஹனில் உட்கார்ந்தால் சமையல் பண்டாரி தனியாக ஒரு தேக்சாவை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று கேலி செய்வார்கள். எங்களுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, சொல்வதற்கு என்ன.

முதல் வாய். சின்னதாக, ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு. மெல்ல வேண்டும், கூழாகும் வரை மெல்ல வேண்டும், கூழான பிறகும் மெல்ல வேண்டும். மெல்லும்போது முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவன் பார்க்கிறான். பார்ப்பதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் போனில் பேசும்போது அவன் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "நீங்க சொல்றதெல்லாம் கேட்டாச்சு காக்கா. ஜுலைஹா வீட்டுக் கல்யாணத்துல எங்கூட ஒரு சஹன்ல உக்காருங்கோ. நீங்க எப்படிச் சாப்புடுறீங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு, ஆபரேஷன் பண்றதா வேண்டாமான்னு சொல்றேன்." திருநெல்வேலியில் டாக்டரம்மா அவனுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறார். எனக்கு வெட்டிய அதே டாக்டரம்மா. அவனுக்கு ஈரலில் கொழுப்பு படிந்து, கொழுப்பு புண்ணாகி, புண் ஆறி ஆறித் தழும்பாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு இருந்த அதே வியாதி, ஆனால் என்னைவிட ஒரு படி மேலே. "முழுத் தழும்பாகாம இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் வயித்தைச் சுருக்கி எடையைக் குறைச்சா ஈரல் தப்பிக்கும். முழுசும் தழும்பாயி, வயித்துல தண்ணி சேர ஆரம்பிச்சுட்டா நான் கத்தியை எடுக்கவே முடியாது, மயக்கத்துல இருந்து அவர் எந்திரிக்க மாட்டார்" என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார், அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு. வாப்பா போய்விட்டார், நீங்கதானே மூத்தவங்க என்றார். ஆமாம், நான்தான் மூத்தவன். அதனால் இந்தச் சோற்றைச் சிரித்துக்கொண்டே விழுங்க வேண்டியவனும் நான்தான். விழுங்கினேன். இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் ஒரு மலையே இருக்கிறது.

ஈரல் என்றால் எங்கள் ஊரில் தின்கிற சாமான். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் குர்பானி கொடுத்த ஆட்டின் ஈரலை மிளகு போட்டு வதக்கி, மற்றக் கறி வேகும் முன்னால் ஆளுக்கு இரண்டு துண்டு தருவார்கள், கறுத்து, மழமழவென்று, பல்லில் பட்டதும் மாவாகும். அந்தச் சாமான் எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, இரைப்பைக்கு மேலே மூடி போல உட்கார்ந்திருக்கிறது என்பதே ஆபரேஷனுக்கு முன்னால்தான் தெரிந்தது. அதற்காகத்தான் முதலில் வாரக்கணக்கில் வெறும் கஞ்சித் தண்ணீரும் புரத மாவுக் கரைசலும் குடிக்க வைத்தார்கள். பட்டினி கிடந்தால் முதலில் சுருங்குவது ஈரல்தானாம், சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கிற இரைப்பையை வெட்ட முடியுமாம். பிறகு வீடியோவில் காட்டினார்கள். கறுப்பாக இல்லை. மஞ்சளாக, வெண்ணெய் தடவி வைத்தது போல வீங்கிக் கிடந்தது என் ஈரல். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் எனக்காகச் சத்தம் போடாமல் உழைத்த ஒன்றை இப்படி ஆக்கிவிட்டேனே என்று இல்லை, அவ்வளவு நல்லவன் இல்லை நான். வாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமே, யாரும் பார்க்கவில்லையே என்று வந்தது.

வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் சாராயம் கலந்திருக்குமோ என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அந்த மனிதர் ரத்த வாந்தி எடுத்து ஊருக்கு வந்து படுத்தபோது, ஈரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன சொல் தெருவுக்குள் போய் வேறாகத் திரும்பி வந்தது. ஈரல் கெட்டால் குடிதான், வேறென்ன. கொழும்பில் தனியாக இருந்தவர், யாருக்குத் தெரியும். வாப்பாவின் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோதே எனக்குப் பின்னால் இரண்டு பேர் அதைப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பவில்லை. சந்தூக்குக் கட்டை என் தோளில் இருந்தது, திரும்ப முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சோற்றாலும் சர்க்கரையாலும் நெய்யாலும்கூட ஈரல் போகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மனசின் ஒரு மூலையில் நானும் வாப்பாவைச் சந்தேகப்பட்டிருப்பேனோ. இல்லை. அந்தப் பக்கம் போகக் கூடாது. மெல்லு. எதிரே சதக்கு ஒரு கறித் துண்டை எடுத்து, கொழுப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நல்ல சதையாக என் பக்கம் தள்ளுகிறான்.

சஹனில் இது ஒரு வழக்கம். கோடு எதுவும் கிடையாது, ஆனால் அவரவர் பக்கம் அவரவருக்குத் தெரியும். பிரியம் உள்ளவன் நல்ல துண்டை எதிராளியின் பக்கம் தள்ளுவான். வாயால் எதுவும் சொல்வதில்லை, துண்டு வரும், அவ்வளவுதான். சின்ன வயதில் நான் தள்ளுவேன், அவன் ஒரு வார்த்தை பேசாமல் தின்பான். இப்போது அவன் தள்ளுகிறான். நான் அதை எடுத்து, "நீ சாப்புடு, எனக்கு இங்கயே ஈக்கிது" என்று அவன் பக்கம் தள்ளுகிறேன். அவன் மறுபடி தள்ளுகிறான். அந்தத் துண்டு பாவம், நடுவில் கிடந்து அலைகிறது. பக்கத்துச் சஹனில் இருக்கும் யாருக்காவது இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. டேய், உன்னைவிட என்னால் அதிகம் தின்ன முடியாது என்று உனக்குத் தெரியும், என்னைச் சோதிக்கிறாய். சோதனைதானே, சரி. துண்டை எடுத்து நாராகப் பிய்த்து, ஒரு நாரை வாயில் போட்டேன். மற்ற நாரைச் சோற்றுக்குள் புதைத்தேன். இந்த வித்தையில் நான் தேறிவிட்டேன். அள்ளுவது போல அள்ளி, பாதி வழியில் விரல்களைத் தளர்த்தினால் சோறு சஹனுக்கே திரும்பிவிடும். குவியலை அடியில் இருந்து குடைந்தால் தானாகச் சரிந்து, ஏதோ நிறையத் தின்ற மாதிரி இருக்கும். சென்னை மண்ணடியில் என் இரும்புச் சாமான் கடைக்குப் பக்கத்தில் எத்தனை விருந்து, எத்தனை நிக்காஹ், ஒருத்தர் கண்டுபிடித்ததில்லை.

ஈரல் தேறிவிட்டது என்பது பொய் இல்லை. அதை நான் அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அது பொய் இல்லை. விலா எலும்புக்கு இடையில் ஒரு கருவியை வைத்துத் தட்டுகிறார்கள், விரலால் சுண்டினாற்போல இருக்கும், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது சொல்லும். போன தடவை டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டி, "தழும்பே இளகியிருக்கு, எல்லாருக்கும் இப்படி ஆகிறதில்லை" என்றார். முதலில் சில மாதங்கள் பயமுறுத்தியது, எடை கிடுகிடுவென்று இறங்கும்போது ஈரலுக்கும் கொஞ்சம் திணறல் வரும் என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பிறகு சரியாகிவிட்டது. கொழுப்பு போயிற்று. சர்க்கரை மாத்திரைகூட நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், நான் அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செய்யாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து ஒரு டீ வாங்கி, பாதி குடிக்க முடியாமல் கொட்டிவிட்டு, சுவரோரம் நின்றேன். அப்படி ஒரு அசதி. இந்த அசதியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் என்று சொன்னார்கள், அது கொட்டியது, முளைத்தது. சாகும் வரை சத்து மாத்திரை என்றார்கள், விழுங்குகிறேன். பசியே போய்விடும் என்றார்கள், நல்லது என்று நினைத்தேன். பசி இல்லாமல் தினமும் சாப்பிடுவது ஒரு வேலை என்று யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அந்த வேலை நினைவுக்கு வரும். உட்கார், அள்ளு, மெல், தண்ணீர் குடிக்காதே, நில், போதும். ஜொஹரா ஆசையாக எதையாவது ஆக்கிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். இப்போது அவள் முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறாள். வீட்டில் சஹனை எடுத்து ரொம்ப நாளாயிற்று. இதையெல்லாம் சதக்கிடம் சொன்னால் அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டான். அதனால் சொல்லவில்லை. "லேசுடா, ஒண்ணுமே தெரியல, நல்லா சாப்புடுறேன்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அவன் எப்படிச் சாப்பிடுகிறான் பார். நிறுத்தாமல், கை போகிறது, வருகிறது. நெற்றியெல்லாம் வேர்வை. ஆபரேஷன் நாள் நெருங்கிவிட்டது, இந்த லட்சணத்தில் இவ்வளவு நெய்ச்சோறு. வயிறு போன மாதத்தைவிடப் பெருத்திருக்கிறது, சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடிக்கிறது, தோளும் கையும் மட்டும் கொஞ்சம் வற்றினாற்போல. ஊரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், இந்தப் பந்தலில் இருக்கிற சஹன், தேக்சா எல்லாம் அவன் கடையில் இருந்து வந்தவைதான். எந்த விருந்தென்றாலும் பண்டாரி இவனுக்குத்தான் முதல் கறியை ருசி பார்க்கக் கொடுப்பார். அப்படி வாழ்கிறவனிடம் போய், இதையெல்லாம் விட்டுவிட்டு வா, உன் இரைப்பையை வெட்டிவிடுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது. ஒரு நிமிஷம் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. தின்னுடா, தின்னு. தின்று என்னைப் போல ஆகாதே, வாப்பாவைப் போல ஆகு. சீ, என்ன நினைப்பு இது, நாக்கில் வராவிட்டாலும் மனசில் வந்துவிட்டதே, அஸ்தஃபிருல்லாஹ். கருப்பட்டிக் காப்பியில் ஈ விழுந்தது போல அந்த நினைப்பு மிதந்துகொண்டே இருந்தது. மெல்லு, சிரி. சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பும் ஏதோ இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது, சட்டைப் பொத்தான் போல.

விளம்புகிறவன் வாளியோடு வந்து நின்றான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன் சதக்கு, "காக்கா பக்கம் கொஞ்சம் கறி வையி" என்றான். நானும் விடவில்லை, "சதக்கு பக்கமும் வையி, நல்ல துண்டாப் பாத்து" என்றேன். இரண்டு பக்கமும் விழுந்தது. பக்கத்துச் சஹனில் இருந்த செய்யிது மாமா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நூஹு, ஆளே பாதியாப் போயிட்டியே. சீக்கா? இல்ல, வாப்பாவுக்கு வந்த மாதிரி ஏதும்..." என்று இழுத்தார். வாப்பாவுக்கு வந்த மாதிரி. அந்த இழுப்புக்குள் கொழும்பு இருந்தது, தெருவே இருந்தது. நான் ஆபரேஷன் செய்துகொண்டது சதக்கைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. ஜொஹராவுக்கு அது வெட்கம், தின்ன வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்பார்களாம். அதனால் நான் நோயாளி, அல்லது குடிகாரன், ஊர் எது வசதியோ எடுத்துக்கொள்ளட்டும். நான் பதில் தேடுவதற்குள் சதக்கு, "மாமா, காக்கா வெயிட்டைக் கொறச்சிருக்காஹ. ஒங்களுக்கும் கொறைக்கணும்னா சொல்லுங்கோ, டாக்டர் நம்பர் தாரேன்" என்றான். மாமா சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். என் தம்பி எப்போதும் இப்படித்தான், என்னைக் காப்பாற்றும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்வான். நெஞ்சு இளகிப்போய்விட்டது எனக்கு. அந்த இளக்கத்தில்தான் தப்பு செய்தேன். அவன் தள்ளிய துண்டை, பிய்க்காமல், பாதியாகக் கடித்து, அவன் பார்க்கட்டும் என்று வாய் நிறைய மென்று, சீக்கிரமாக விழுங்கிவிட்டேன்.

நின்றுவிட்டது. நெஞ்சுக் குழிக்கு நேராக, ஒரு கட்டை விரலை உள்ளே இருந்து அழுத்தினாற்போல. தெரியும் எனக்கு, இது எப்படிப் போகும் என்று தெரியும், தெரிந்தே செய்தேன். முதலில் வலி. பிறகு வாயில் எச்சில் ஊறும், விழுங்கினால் மேலே ஏறும், துப்ப இடமில்லை. தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். எழுந்து ஓடினால் கொஞ்சம் லேசாகும், ஆனால் எழுந்து ஓடுகிறதைச் சதக்கு பார்ப்பான், பார்த்தால் முடிந்தது, டாக்டரம்மா குறித்த நாள் வெறும் நாளாகப் போகும், அடுத்த வருஷம் இதே பந்தலில் யாராவது அவன் ஜனாஸாவைப் பற்றி, கொழும்பு இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஊர், பாத்திரக் கடைக்காரன் எங்கே குடித்தானோ, ஈரல் போச்சு, வாப்பாவும் அப்படித்தான், குடும்பமே அப்படி. எழுந்திருக்காதே. மூச்சை மூக்கால் இழு. வேர்க்கிறது. சிரி. கடையில் ஒரு நாள் இப்படித்தான், கஸ்டமர் முன்னால் போல்ட்டு டப்பாவுக்குப் பின்னால் குனிந்து, அதை நினைக்காதே, நினைத்தால் வந்துவிடும். கையை நிறுத்தாதே, கை நின்றால் அவன் கவனிப்பான். சோற்றை அளை. அளைந்தேன். யா அல்லாஹ், இந்த ஒரு துண்டை இறக்கிவிடு, இனி நடிக்க மாட்டேன். எத்தனை தடவை இந்த வாக்கைக் கொடுத்திருக்கிறேன். அல்லாஹ்வுக்கு என்னைத் தெரியும். விரல் அழுத்துகிறது, அழுத்துகிறது, பிறகு ஏதோ ஒன்று நகர்ந்து, சூடாக, மெல்ல, இறங்கியது. கண்ணில் தண்ணீர். மாங்காய்ப் புளிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. பந்தல் கொஞ்சம் காலியாகியிருந்தது. செய்யிது மாமாவின் சஹனை எடுத்துவிட்டார்கள், அவர் கை கழுவி எழுந்து போய்விட்டார். எங்கள் வரிசையில் நாங்கள் இருவர்தான் மிச்சம், இன்னும் கையை எடுக்காமல்.

அப்போதுதான் பார்த்தேன். நீர் கோத்த கண்ணோடு, களைத்துப்போய், வேறு எதையும் யோசிக்கத் தெம்பில்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவன் பக்கத்துக் குவியல் அப்படியே இருக்கிறது. அடியில் குடைந்து, சரியவிட்டு, சரிந்ததை ஓரமாக ஒதுக்கி. கறியை நாராக்கி, சோற்றுக்குள். கை போகிறது, வருகிறது, பாதி வழியில் விரல் தளர்கிறது, சோறு சஹனுக்கே திரும்புகிறது. என் வித்தை. என் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டானோ, இல்லை அவனுக்கே வந்ததோ. எத்தனை நேரமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இந்த நாடகத்தை ஆடிக்கொண்டிருக்கிறோம். "சதக்கு, நீ சாப்புடலியே" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "நீங்க கையெடுத்தா நானும் எடுக்கலாம்னு பாத்துக்கிட்டே ஈக்கேன் காக்கா. நீங்க எடுக்க மாட்டேங்கிறீங்க" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ரெண்டு வாரமா சோத்தைப் பாத்தாலே கொமட்டுது. நெய் வாசனையே ஆக மாட்டேங்குது. ஒங்களுக்கு வயிறு நெறையட்டும், நாம எடுத்துட்டா காக்கா அரை வயித்தோட எந்திரிச்சுருவாஹன்னு..." என்றான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஒங்களுக்கு ஆனதை எங்கிட்ட சொன்னீங்களா?" கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இப்ப ஒங்களுக்கு அடைச்சுதே, பாத்தேன். மொகமெல்லாம் நீலமாப் போச்சு. எந்திரிச்சு ஓடுவீங்கன்னு பாத்தேன். ஓடல."

 கஷ்டமாத்தான்டா இருக்கு, என்றேன். பசி இல்ல, ருசி இல்ல, ஜொஹராவோட உட்கார்ந்து சாப்பிட்டு வருஷமாச்சு, எப்பவும் அசதியா இருக்கு. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது, அந்தத் துண்டு இறங்கியது போல, சூடாக. "ஆனா ஈரல் தேறிடுச்சு. அது நெசம். நான் உசுரோட ஈக்கேன், அது நெசம்." அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சஹனில் இருந்து கையை எடுத்தேன். வாப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள், நான் முதலில் எடுத்துவிட்டேன். அவன் அதற்காகவே காத்திருந்தவன் போலத் தன் கையை எடுத்தான். நடுவில் இரண்டு பேருக்குப் போட்ட சோறு, போட்டபடி, ஆறிப்போய் நெய் உறைந்து கிடந்தது.

தண்ணீர்க் கிண்டியும் அதை ஏந்தும் படிக்கமும் வந்தன, உட்கார்ந்தபடியே கை கழுவினோம். சதக்கு மடித்து வைத்திருந்த காலை நீட்டினான். கைலி கொஞ்சம் மேலேறியது. கணுக்கால் தெரியவில்லை, கால் தூண் போல ஒரே கனமாக இறங்கியிருந்தது. பாயின் கோரை வரி அப்படியே தோலில் பதிந்திருந்தது, பள்ளம் பள்ளமாக. பாயில் உட்கார்ந்தால் யாருக்கும் பதியும்தான், தேய்த்தால் போய்விடும். நான் கையை நீட்டித் தேய்த்துவிட்டேன். போகவில்லை. கட்டை விரலால் ஒரு இடத்தில் அழுத்தினேன், விரலை எடுத்த பிறகும் குழி அங்கேயே நின்றது, மாவில் அழுத்தினாற்போல. அந்த வயிறு சோற்றால் பெருக்கவில்லை. அவன் போன மாதத்தில் இருந்தே, நான் அவனிடம் லேசு லேசு என்று சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம், டாக்டரம்மா சொன்ன அந்தத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தை என்னால் சரி செய்ய முடியவில்லை, செய்யவும் தோன்றவில்லை.

"நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன் காக்கா. நீங்க எப்படிச் சாப்புட்டாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான் சதக்கு. "இப்ப வெட்டுவாஹளா?"

லேசு என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பழக்கம். "தெரியலடா" என்றேன். "இப்பவே கிளம்புவோம். போயிக் கேப்போம்."

அவன் தலையை ஆட்டினான். என் தோளைப் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் என் மேல் போட்டு, எழுந்தான்.